களிம்பு போடும்போது தோல் ஈரமாக இருக்க வேண்டுமா, காய்ந்திருக்க வேண்டுமா?

கார்மேகம் (இழையைத் தொடங்கியவர்)

வீட்டில் இப்போது மூன்று டியூப் கிடக்கிறது. என் கைக் கரப்பானுக்கு (எக்ஸிமா) ஸ்டீராய்டு களிம்பு, மகளின் முகப்பருவுக்கு ட்ரெட்டினாயின், அப்பாவின் முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல். களிம்பைக் குளித்தவுடன், தோலில் ஈரம் போவதற்குள் போடச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ட்ரெட்டினாயின் பெட்டிக்குள் இருந்த தாளோ, முகம் கழுவி 20, 30 நிமிடம் கழித்து நன்றாகக் காய்ந்தபின் போடு என்கிறது. ஜெல்லின் தாளில், போட்ட பிறகு 1 மணி நேரம் குளிக்காதே என்று இருக்கிறது.

ஈரம் மருந்தை உள்ளே இழுக்கும் என்றால் மூன்றையும் ஈரத்தோலில் போட்டுவிடலாமே? இழுக்காது என்றால் முதலாவது எதற்கு? காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போக வேண்டாம், அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

பூஜ்ஜியம்

ஈரத்தில் போட்டால் நன்றாக ஏறும். எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

கல்வம்

மருந்தாளுநராக இருக்கிறேன். இதைக் கேட்டு யாராவது வராத வாரம் இல்லை. பூஜ்ஜியம் சொன்னது பாதி சரி, மீதிப் பாதியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

தோலின் உச்சியில் ஸ்ட்ரேட்டம் கார்னியம் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. உயிரற்ற செல்கள் 15, 20 தட்டாக அடுக்கியிருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் மொத்தத் தடிமனே 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். பாடப்புத்தகத்தில் செங்கல்லும் சாந்தும் என்பார்கள். செங்கல் என்பது கெரட்டின் நிறைந்த செத்த செல். சாந்து என்பது நடுவில் நிரம்பியிருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். பூச்சு மருந்துகளில் பெரும்பாலானவை அந்தச் சாந்துக்குள் வளைந்து நெளிந்துதான் கீழே இறங்குகின்றன. இந்த மெல்லிய அடுக்கைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. தாண்டிவிட்டால் கீழே அவ்வளவு தடை இல்லை.

சாதாரண நாளில் இந்த அடுக்கின் எடையில் 10 முதல் 20 சதவீதம் நீர். ஊறவைத்தாலோ காற்றுப் புகாமல் மூடினாலோ அது பல மடங்கு ஏறும். செல்கள் உப்பும். நெடுநேரம் ஊறிய தோலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் சாந்துக்குள்ளேயே ஆங்காங்கே நீர் தேங்கி நிற்பது தெரியும், அதாவது கொழுப்பு அடுக்குகளின் ஒழுங்கு குலைந்திருக்கும். அந்த நிலையில் மருந்து நகர்வது எளிது.

ட்ரெட்டினாயினுக்கு ஏன் காய வைக்கிறோம் என்றால், அது எரிச்சல் தரும் மருந்து. மெதுவாகப் போனாலே அதன் வேலையைச் செய்துவிடும். ஈரத்தோலில் போட்டால் அதே பட்டாணி அளவு வேகமாக இறங்கி, முகம் சிவந்து உரியும். உங்கள் மகள் இரண்டாம் வாரத்திலேயே டியூபைத் தூக்கிப் போட்டுவிடுவாள். காத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான்.

வரிக்குதிரை

> செல்கள் உப்பும்... அந்த நிலையில் மருந்து நகர்வது எளிது.

ஒரு நிமிஷம். அடுக்கு உப்பினால் தடிமன் கூடுகிறது, மருந்து கடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது. அப்படியென்றால் மெதுவாகத்தானே போக வேண்டும்? இன்னொன்று, களிம்பு எண்ணெய்ப் பசை. நீர்த்துளி நிற்கும் தோலில் தடவினால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதே தவிர ஒட்டுவதில்லை. இது எப்படி நன்றாக ஏறும்?

ஆய்வுக்கூடப் பூனை

நல்ல கேள்வி, இரண்டும். பூச்சு மருந்து தயாரிப்பில் வேலை செய்கிறேன், என் பங்குக்குச் சொல்கிறேன்.

முதலாவது. ஒரு நொடியில் எவ்வளவு மருந்து கடக்கிறது என்பதை ஃபிக் விதி சொல்கிறது. தடிமன் கீழே வகுக்கும் இடத்தில் இருப்பது உண்மை. ஆனால் மேலே பெருக்கும் இடத்தில், அடுக்குக்குள் மருந்து எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்பது இருக்கிறது. நீர் ஏறும்போது பல மருந்துகளுக்கு இது கூடும் அளவு, தடிமனால் வரும் இழப்பை விஞ்சிவிடுகிறது. எல்லா மருந்துக்கும் அல்ல, அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவதில்தான் இந்த இழை முழுக்கச் சிக்கிக்கொண்டிருக்கிறது. தோலின் மேல் நிற்கும் நீர் வேறு, தோலுக்குள் ஏறிய நீர் வேறு. உதவுவது இரண்டாவதுதான். மேலே நிற்கும் துளி கிரீமை நீர்க்க வைக்கும், களிம்பை ஒட்டவிடாது, ஜெல்லை வழியவிடும். "ஈரமாக இருக்கும்போது போடு" என்று மருத்துவர் சொன்னால், துவாலையால் ஒற்றி எடுத்த பிறகு, தொட்டால் குளிர்ச்சியாக, மெத்தென்று இருக்கும் தோல் என்று பொருள். சொட்டச் சொட்ட இருப்பது இல்லை. உள்ளே ஏறிய நீரும் நெடுநேரம் தங்காது, சில நிமிடங்களிலேயே பறக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் குளித்தவுடன் என்ற அவசரம். மேலே பூசும் களிம்பு ஒரு மூடி மாதிரி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இதனாலேயே அதே மருந்து, அதே சதவீதம், களிம்பாக இருந்தால் கிரீமைவிட வீரியம் கூடுதல். ஸ்டீராய்டுகளின் வீரியப் பட்டியலில் 0.1 சதவீத ட்ரையாம்சினோலோன் களிம்பு அதே 0.1 சதவீதக் கிரீமுக்கு மேல்படியில் இருக்கும். மருந்தின் அளவில் துளி வித்தியாசம் இல்லை.

தென்றல்அம்மா

எங்கள் குழந்தைக்கு அட்டோபிக் கரப்பான். குளிப்பாட்டி, ஒற்றி எடுத்து, ஸ்டீராய்டு போட்டு, அப்புறம் மாய்ஸ்சரைசர் என்று ஒரு மருத்துவர். முதலில் மாய்ஸ்சரைசர், அரை மணி கழித்து ஸ்டீராய்டு என்று இன்னொருவர். குளித்துவிட்டு அரை மணி நேரம் ஓர் ஒன்றரை வயதுக் குழந்தையைச் சும்மா நிற்க வைப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை :)

பூனை, இதில் எது சரி?

ஆய்வுக்கூடப் பூனை

இரண்டுக்கும் நியாயம் உண்டு. மாய்ஸ்சரைசர் முதலில் என்பவர்கள், தோலில் நீர் ஏறட்டும், பிறகு மருந்து நன்றாக இறங்கும் என்கிறார்கள். ஸ்டீராய்டு முதலில் என்பவர்கள், தடிமனாக மாய்ஸ்சரைசர் பூசி அதன்மேல் போட்டால் மருந்து நீர்த்துப்போகும், தேவையில்லாத இடத்துக்கும் பரவும் என்கிறார்கள். கரப்பான் உள்ள குழந்தைகளிடம் இரண்டு வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் நோயின் தீவிரத்தில் சொல்லும்படியான வேறுபாடு வரவில்லை. ஆக, உங்கள் வீட்டில் தினமும் நடக்கக்கூடிய வரிசை எதுவோ அதுவே நல்லது. ஒன்றைப் போட்டுச் சில நிமிடம் விட்டு மற்றதைப் போடுங்கள். இரண்டையும் உள்ளங்கையில் குழைத்து ஒன்றாகப் பூசுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கல்வம்

வரிசை விஷயத்தில் பூனையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆய்வில் வேறுபாடு வராமல் போகலாம். ஆய்வில் சொல்லிக் கொடுத்து, மேற்பார்வையில் பூசுகிறார்கள். வீட்டில் மாய்ஸ்சரைசர் முதலில் என்றால் அள்ளி அப்பிவிடுகிறார்கள், அதன்மேல் ஸ்டீராய்டு எங்கே போட்டோம் என்றே தெரிவதில்லை. நான் ஸ்டீராய்டு முதலில் என்றுதான் சொல்வேன். அளவும் தெரியும்: பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும்.

தென்றல்அம்மாவுக்கு ஒரு முக்கியமான விஷயம்: டயப்பர் போடும் இடத்தில் மருத்துவர் குறிப்பாகச் சொல்லாமல் ஸ்டீராய்டு வேண்டாம். டயப்பரே ஒரு மூடி. உள்ளே ஈரம், வெதுவெதுப்பு, மெல்லிய தோல், மூன்றும் சேர்ந்துவிடும்.

இரவுஆந்தை

நான் கையில் களிம்பு போட்டு, உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன். காலையில் பாதி ஆறிவிட்டிருக்கும். இதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று தெரியவில்லை. எல்லா இடத்துக்கும் இதையே செய்யலாமே?

ஆய்வுக்கூடப் பூனை

சொல்லாமல் என்ன, அறுபது வருடத்துக்கு மேலாகச் சொல்கிறார்கள். 1961இல் சுல்ஸ்பெர்கரும் விட்டனும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடும் முறையைப் பற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டு மெக்கென்சியும் ஸ்டவ்டனும் ஓர் எளிய சோதனை கொண்டுவந்தார்கள். ஸ்டீராய்டு உள்ளே போனால் அங்குள்ள நுண் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் வெளுக்கும், எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு போனது என்று கணிக்கலாம். அந்த வெளுப்புச் சோதனையின் வாரிசுகள் இன்றும் ஸ்டீராய்டுகளைத் தரம் பிரிக்கப் பயன்படுகின்றன. மூடிய தோலில் ஊடுருவல் 100 மடங்கு வரை கூடலாம் என்ற எண்ணும் அங்கிருந்து வந்ததுதான்.

எனக்குப் பிடித்தது 1963இல் விக்கர்ஸ் கண்டது. மூடிவைத்து ஸ்டீராய்டு கொடுத்து, வெளுப்பு மறைந்த பிறகு, பல நாள் கழித்து மருந்தே இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் தாளால் அதே இடத்தை மறுபடி மூடினார். மறுபடி வெளுத்தது. மருந்து மேலடுக்கில் தேங்கி நின்றிருக்கிறது, நீர் ஏறியதும் மீண்டும் கீழே இறங்கியிருக்கிறது. களிம்பை நிறுத்திய மறுநாள் மருந்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

100 மடங்கு போகும் என்றால் பக்கவிளைவும் அதற்கேற்ப வரும். தோல் காகிதம்போல் மெலியும், வரித்தழும்பு விழும், மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் வரும். பெரிய பரப்பில் வீரியமான ஸ்டீராய்டைப் போட்டு வாரக்கணக்கில் மூடினால் இரத்தத்தில் கலந்து அட்ரினல் சுரப்பியையே மந்தப்படுத்தும். உள்ளங்கையில் சில இரவுகள், அதுவும் மருத்துவருக்குத் தெரிந்து என்றால் பரவாயில்லை. "எல்லா இடத்துக்கும்" என்பதுதான் பயமாக இருக்கிறது.

இடத்துக்கு இடம் எவ்வளவு மாறும் என்பதற்கு 1967இல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் அளந்ததைச் சொல்கிறேன். ஹைட்ரோகார்ட்டிசோன் முன்கையில் உறிஞ்சப்படும் அளவை 1 என்று வைத்தால், உள்ளங்காலில் 0.14, நெற்றியில் 6, தாடையில் 13, விதைப்பையில் 42. ஈரம், மூடி எதுவும் வருவதற்கு முன்னாலேயே இவ்வளவு வித்தியாசம்.

வரிக்குதிரை

42ஆ! சரி, அந்த 100 மடங்கை வைத்து இங்கே எல்லாரும் விளையாடுவதற்கு முன்: "எல்லா மருந்துக்கும் அல்ல" என்றீர்களே, அது என்ன ஆயிற்று?

ஆய்வுக்கூடப் பூனை

மறக்கவில்லை. பொதுவாக, கொழுப்பில் கரையும் மருந்துக்கு மூடிவைப்பதால் வரும் ஆதாயம் அதிகம், நீரில் ஓரளவு கரைவதற்குக் குறைவு. நீரை விரும்பும் மருந்து ஈரத்தில்தானே நன்றாகப் போக வேண்டும் என்று தோன்றும், நடப்பது பல நேரம் தலைகீழ். மனிதத் தோலில் எஸ்ட்ராடியால், டெஸ்டோஸ்டிரோன், ப்ரோஜெஸ்டிரோன், ஹைட்ரோகார்ட்டிசோன் நான்கையும் 24 மணி நேரம் மூடி ஒப்பிட்டார்கள். முதல் மூன்றும் ஏறின. நான்கில் நீரை அதிகம் விரும்பும் ஹைட்ரோகார்ட்டிசோன் அசையவில்லை. ஒரு காரணம், கொழுப்பை விரும்பும் மருந்து மேலடுக்குக்குள் சுலபமாக நுழைந்துவிடும், அதற்குக் கீழே உள்ள நீர்ப்பாங்கான திசுவுக்குள் இறங்கத்தான் தயங்கும். மேலடுக்கிலும் நீர் ஏறிவிட்டால் அந்த இடைவெளி குறைகிறது.

வரிக்குதிரை

ஆனால் அதே ஹைட்ரோகார்ட்டிசோனை மூடினால் 10 மடங்கு ஏறுகிறது என்று 1965 ஆய்வு ஒன்று உண்டே? நீங்கள் சொன்ன அதே ஃபெல்ட்மன், மைபாக் செய்ததுதான்.

ஆய்வுக்கூடப் பூனை

உண்டு. எந்தக் கரைப்பானில் போட்டார்கள், எவ்வளவு நேரம் மூடினார்கள், எப்போது கழுவினார்கள் என்பதெல்லாம் மாறினால் எண்ணும் மாறும். அதனால்தான் "மூடினால் இத்தனை மடங்கு" என்று ஒரே எண்ணை எல்லா மருந்துக்கும் ஒட்டுபவர்களை நான் நம்புவதில்லை, 100 உட்பட. அதில் "வரை" என்ற சொல் இருக்கிறது.

கார்மேகம்

இதெல்லாம் அருமை. ஒரு சந்தேகம்: என் கை வறண்டு வெடித்துக் கிடக்கிறது. ஈரம் இருந்தால் ஏறும் என்றால் வறண்ட கையில் மருந்து ஏறாது என்றுதானே அர்த்தம்?

கல்வம்

ஆரோக்கியமான வறண்ட தோலுக்கு அது ஓரளவு பொருந்தும், கரப்பானுக்குப் பொருந்தாது. கரப்பானில் தோல் வறண்டிருப்பதே தடுப்பு ஓட்டையாகி நீர் வெளியே கசிவதால்தான். நீர் வெளியே போகிற வழியில் மருந்து உள்ளே வரும். ஆகவே பார்வைக்கு வறட்சி, ஆனால் உறிஞ்சல் அதிகம்.

கரப்பானுக்குப் பூசும் டாக்ரோலிமஸ் என்ற மருந்து நல்ல உதாரணம். மூலக்கூறு எடை 804 டால்டன். 500 டால்டனுக்கு மேல் உள்ள பொருள் நல்ல தோலைக் கடப்பது கடினம் என்று 2000இல் போஸும் மெய்னார்டியும் ஒரு விதி சொன்னார்கள். அதன்படி டாக்ரோலிமஸ் பெரிய உருவம். ஆனாலும் கரப்பான் தோலில் போதுமான அளவு நுழைகிறது. தோல் ஆற ஆற நுழைவதும் குறைகிறது. தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும் மருந்து, எனக்கு அதில் ஒரு பிரியம்.

உங்கள் கையைப் பொறுத்தவரை ஈரத்தின் முதல் வேலை மருந்தை இழுப்பதைவிட அந்த ஓட்டையை அடைக்க உதவுவதுதான். 2005இல் கட்மனும் கிளிக்மனும் மற்றவர்களும் பழைய முறை ஒன்றைத் தூசி தட்டி எழுதினார்கள்: படுக்கப் போகும் முன் வெறும் நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, துடைக்காமல் உடனே ஸ்டீராய்டு களிம்பு. வறண்டு தடித்த கரப்பானுக்கு நன்றாக வேலை செய்கிறது. பூனை ஒற்றி எடு என்றார், இவர்கள் துடைக்காதே என்கிறார்கள். களிம்பு நிறைய, நீர் கொஞ்சமாக இருந்தால் இரண்டும் ஓடும். ஆனால் ஊறவைத்துவிட்டு எதுவும் பூசாமல் விட்டால் முன்பைவிட மோசமாக வறளும், அதை மட்டும் செய்யாதீர்கள்.

பூஜ்ஜியம்

விரல் சுருங்கும் வரை ஊறினால் போதும்தானே? அதுதானே நீர் ஏறியதற்கு அடையாளம்?

ஆய்வுக்கூடப் பூனை

அதை நம்பாதீர்கள். விரல் சுருங்குவதை நடத்துவது நரம்பு. நரம்பு அறுந்த விரல் எவ்வளவு ஊறினாலும் சுருங்காது என்று 1936இலேயே லூயிஸும் பிக்கரிங்கும் எழுதினார்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.

இரவுஆந்தை

அப்போ வெந்நீரில் குளித்துவிட்டுச் சொறிக்கு மருந்து போடச் சொல்வார்களே, பழைய ஆட்கள்?

கல்வம்

அதை விட்டுவிடுங்கள், உண்மையிலேயே ஆபத்தானது. சொறிப்பூச்சி இருப்பது தோலின் மேலடுக்கில். மருந்தும் அங்கே நின்றால் போதும், இரத்தத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. வெந்நீர் தோலுக்கு ஈரத்தையும் தருகிறது, இரத்த ஓட்டத்தையும் கூட்டுகிறது. சொறிக்குப் பூசும் பழைய மருந்தான லிண்டேன் இரத்தத்தில் ஏறி வலிப்பு வரை போன சம்பவங்கள் உண்டு. குளித்து 1 மணி நேரமாவது கழித்து, தோல் காய்ந்து குளிர்ந்த பிறகுதான் போட வேண்டும் என்று அதன் தாளிலேயே இருக்கிறது. இப்போது முதலில் தரப்படும் பெர்மெத்ரின் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் அதையும் காய்ந்த, குளிர்ந்த தோலில்தான் போடச் சொல்வோம்.

நேர் எதிரான உதாரணமும் சொல்கிறேன். மருவுக்கு சாலிசிலிக் அமிலம்: வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் ஊறவைத்து, துடைத்து, பிறகு போடு. அங்கே தடித்த தோலைக் கரைப்பதே வேலை. ஊசி குத்தும் முன் மரக்கச் செய்யும் லிடோகெயின்-ப்ரிலோகெயின் கிரீமையும் காற்றுப் புகாத ஒட்டியால் மூடி 1 மணி நேரமாவது விட்டால்தான் வேலை செய்யும்.

கார்மேகம்

அப்பாவின் ஜெல்லை மறந்துவிட்டோம். வயது எழுபதைத் தாண்டியவர். தோல் வறட்சி. ஜெல் போட்டு அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறார், "அப்போதான் இறங்கும்" என்கிறார்.

கல்வம்

வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம் என்று பதமாகச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக் ஜெல்லின் மேல் சூடும் கூடாது, இறுக்கி மூடுவதும் கூடாது. வயதானவர்களுக்கு இந்த மருந்து இரத்தத்தில் கூடினால் சிறுநீரகம், வயிறு இரண்டுக்கும் கவலை. சூடு வேண்டுமென்றால் வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளட்டும். குளிக்காமல் இருக்கச் சொல்வதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, கழுவிப் போய்விடும், அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடப் பூனை

வயதான தோல் பற்றி ஒரு வரி. 1989இல் இளைஞர்களையும் முதியவர்களையும் ஒப்பிட்டதில், டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ராடியால் போன்ற கொழுப்பு விரும்பிகள் இருவரிடமும் ஒரே அளவில் போயின. ஹைட்ரோகார்ட்டிசோன், காஃபீன், ஆஸ்பிரின் போன்றவை முதியவர்களிடம் குறைந்தன. மேலடுக்கில் நீரும் கொழுப்பும் குறைந்திருப்பதைக் காரணமாகச் சொன்னார்கள்.

தென்றல்அம்மா

கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணுக்கு?

கல்வம்

காய வைத்து. அங்கே ஈரம் மருந்துக்கு உதவுவதைவிடப் பூஞ்சைக்கு அதிகம் உதவும்.

கார்மேகம்

கடைசியாக ஒன்று. காலையில் கையில் களிம்பு போட்டுவிட்டு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறேன். இதுவும் மூடிவைத்த கணக்குத்தானா?

கல்வம்

அதே கணக்குத்தான். உள்ளே வியர்த்து, கை ஊறி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிய மாதிரி ஆகிவிடும். உங்கள் மருத்துவர் மூடாமல் போடும் அளவை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். ஒரு வேளைதான் என்றால் களிம்பை இரவுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வேளை என்றால் பாத்திரம் கழுவி முடித்து, கையை ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள். கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அது நனைந்ததும் மாற்றிவிடுங்கள்.

கார்மேகம்

சரி. அப்பாவிடம் வெந்நீர்ப் பையைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுதான் கஷ்டமான வேலை.